சாவோ பாவ்லோவில் வீடு: மேடா, பள்ளமா, ரயில் ஓரமா?

என் தங்கை மகனுக்குப் பிரேசிலின் சாவோ பாவ்லோவுக்கு மாற்றல் ஆகியிருக்கிறது. மூன்று வருட வேலை. மனைவியும் நாலு வயதுப் பெண்ணும் கூடவே போகிறார்கள். போன வாரம் கூப்பிட்டு, “மாமா, ஆபீஸ் பெரீனி பக்கம். அங்கேயே ஒரு பிளாட் பார்த்துவிடட்டுமா? நடந்தே போய்விடலாம்” என்றான். நான் அந்த ஊரில் நாலு வருடம் இருந்தவன், மூன்று வீடு மாறியவன். போனில் சொன்னது அரைகுறையாகப் போய்விட்டது. அதனால் அவனுக்கும், அவனைப் போலக் கிளம்புகிறவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. போன் வரைபடத்தில் தூரத்தைப் பார்த்து அந்த ஊரில் வீடு தேடக் கூடாது. வரைபடம் தட்டையாகக் காட்டும். ஊர் அப்படி இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 760 மீட்டர் உயரத்தில், மேடும் பள்ளமுமான பீடபூமியில் பரந்து கிடக்கிறது. எது மேடு, எது பழைய ஆற்றுப் படுகை, எது ரயில் பாதையை ஒட்டிய இடம் என்பது பிடிபட்டுவிட்டால் போதும். அங்கே யார் குடியேறினார்கள், இன்றைக்கு வாடகை ஏன் அப்படி, மழை பெய்தால் தெரு என்ன ஆகும், காலையில் ரயிலில் ஏற முடியுமா என்பதெல்லாம் முக்கால்வாசி விளங்கிவிடும்.

1554 ஜனவரி 25 அன்று இயேசு சபைப் பாதிரிமார்கள் இரண்டு ஆறுகளுக்கு நடுவிலிருந்த ஒரு குன்றின் மேல் பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் தமந்துவதெயீ ஆறு, இன்னொரு பக்கம் அன்யங்கபாவு ஓடை. ஊரின் பிறப்பு அதுதான். முந்நூறு வருடம் அது பெரிதாக வளரவே இல்லை. 1872 கணக்கெடுப்பில் கூட 31 ஆயிரம் பேர்தான். 1900இல் 2 லட்சத்து 40 ஆயிரம். 2022இல் 1 கோடியே 14 லட்சம். சுற்றியுள்ள நகராட்சிகளையும் சேர்த்தால் 2 கோடியைத் தாண்டும்.

இந்தப் பாய்ச்சலுக்குக் காப்பிதான் முதல் காரணம். உள்நாட்டுத் தோட்டங்களில் விளைந்த காப்பியை மலைக்குக் கீழே இருக்கும் சாந்தோஸ் துறைமுகத்துக்கு இறக்க வேண்டும். 1867இல் பிரிட்டிஷ் கம்பெனி ஒன்று போட்ட ரயில் பாதை சாவோ பாவ்லோ வழியாகப் போனது. வழியில் இருந்த சிற்றூர், காப்பிப் பணம் கைமாறும் ஊராக ஆனது. 1888இல் அடிமை முறை ஒழிந்தது. அதற்கு முன்பிருந்தே தோட்ட வேலைக்கு ஐரோப்பாவிலிருந்து ஆள் கொண்டுவர ஏற்பாடு நடந்தது. இத்தாலியர்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். 1908இல் சாந்தோஸில் வந்து நின்ற கசாத்தோ மாரு கப்பலிலிருந்து ஜப்பானியர்கள் இறங்கினார்கள். ரயிலடியிலேயே, பிராஸ் பகுதியில், வந்தவர்கள் தங்குவதற்கென்று பெரிய விடுதி கட்டியிருந்தார்கள். இப்போது அது குடியேற்ற அருங்காட்சியகம். ஊருக்குப் போன முதல் மாதமே அங்கே ஒரு நடை போய்வாருங்கள்.

தண்டவாளத்துக்குச் சமதளம் தேவை. அதனால் ரயில் ஆற்றங்கரைத் தாழ்நிலத்தைப் பிடித்துக்கொண்டு போனது. பிறகு வந்த ஆலைகள் ரயிலைப் பிடித்துக்கொண்டன, தொழிலாளர் வீடுகள் ஆலைகளைப் பிடித்துக்கொண்டன. கிழக்குப் பக்கம் உழைக்கிறவர்களின் பக்கமாக ஆனது அப்படித்தான். காப்பி முதலாளிகள் எதிர்த்திசையில், தென்மேற்கே, மேட்டில் ஏறினார்கள். 1891இல் குன்றின் முதுகெலும்பு மேலேயே பாவ்லிஸ்தா சாலையைப் போட்டு மாளிகை கட்டிக்கொண்டார்கள். ஊரின் பணம் அன்று பிடித்த திசையை இன்றுவரை விடவில்லை. பழைய நடு ஊரிலிருந்து பாவ்லிஸ்தாவுக்கு, அங்கிருந்து இறங்கி ஃபாரியா லீமா சாலைக்கு, அப்புறம் ஆற்றோரமாகப் பெரீனிக்கு. என் மருமகனின் ஆபீஸ் இந்த ஓட்டத்தின் கடைசிக் கண்ணியில் இருக்கிறது.

சரி, அவன் கேட்ட இடத்திலிருந்தே தொடங்கலாம். பெரீனி, அதற்கு வடக்கே இத்தாயிம் பிபி, இரண்டுமே பின்யேரோஸ் ஆற்றை ஒட்டிய நிலம். ஒரு காலத்தில் அந்த ஆறு வளைந்து நெளிந்து, மழைக்காலத்தில் கரை தெரியாமல் பரந்து ஓடியது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மின்சாரக் கம்பெனி அதை நேர் வாய்க்காலாக வெட்டியது. அதோடு நிற்கவில்லை. பம்பு வைத்து ஆற்றின் ஓட்டத்தையே திருப்பி, தண்ணீரை மேலே பில்லிங்ஸ் ஏரிக்கு ஏற்றி, அங்கிருந்து 700 மீட்டருக்கு மேல் மலைச்சரிவில் கடல் பக்கமாக விழவைத்து, குபதோன் ஊரில் மின்சாரம் எடுத்தார்கள். சதுப்பாகக் கிடந்த கரை இப்படித்தான் மனையானது. 1970களுக்குப் பிறகு பெரீனியில் அலுவலகக் கோபுரங்கள் எழுந்தன. 2008இல் திறந்த, எக்ஸ் வடிவக் கோபுரத்தில் கம்பிகள் கட்டிய பாலம் அந்தப் பகுதியின் அடையாளம்.

நன்மை தெளிவாகத் தெரிகிறது. ஆபீஸ் நடக்கிற தூரம், கட்டடங்கள் புதுசு, வாசலில் காவல், கீழேயே ஜிம். தனி ஆளாகப் போகிறவனாக இருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். ஆனால் இத்தாயிம் பக்கம் ஊரிலேயே விலை உயர்ந்த இடங்களில் ஒன்று. பெரீனியோ மாலை ஏழு மணிக்குமேல் ஆபீஸ் கூட்டம் கலைந்ததும் வெறிச்சோடிவிடும். ஆற்றோரம் ஒரு ரயில் பாதை இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது ஆற்றின் போக்கிலேயே ஓடுகிறது. ஊருக்குள்ளே போக வேண்டுமானால் மாறித்தான் ஆக வேண்டும். அவன் மனைவி அங்கே வேலை தேடப் போகிறாள். அவளுக்குக் கிடைக்கிற வேலை அநேகமாகப் பாவ்லிஸ்தா பக்கமோ நடு ஊரிலோ இருக்கும். ஒருவருடைய நடைக்காக இன்னொருவர் தினமும் அலைவதா? கணவன் ஆபீஸை மட்டும் நடுவில் வைத்துக் கணக்குப் போடுவது, குடும்பத்தோடு போகிறவர்கள் எல்லாரும் செய்யும் முதல் தவறு. நானும் செய்தேன்.

பள்ளத்தைப் பற்றி இன்னொன்று. என் முதல் வீடு பின்யேரோஸ் பகுதியில், ஒரு சரிவின் அடியில் இருந்தது. ஜூலையில் போய்ப் பார்த்தோம். அங்கே அது வறண்ட காலம். மரம் வளர்ந்த அமைதியான தெரு, உடனே கையெழுத்துப் போட்டுவிட்டோம். ஜனவரியில் ஒரு சாயங்காலம், வானம் கறுத்து இருபது நிமிடம் கொட்டியது. தெரு நடுவிலிருந்த இரும்பு மூடி முதலில் கடகடவென்று ஆடியது. அப்புறம் எழும்பி ஓரமாகச் சாய்ந்தது. உள்ளேயிருந்து பழுப்புத் தண்ணீர் முழங்கால் உயரத்துக்குக் குமிழியிட்டு வந்தது. எதிர் வீட்டுக்காரரின் சின்னக் கார் மெதுவாகத் திரும்பி, தானே கிளம்பியதுபோல் கீழ்ப்பக்கம் நகர்ந்தது. எங்கள் கட்டடத்துக் காவலர் பதறவே இல்லை. “கீழே ஓடை இருக்கிறதே, தெரியாதா?” என்று கேட்டார். வீடு காட்டிய தரகர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

அந்த ஊரில் நூற்றுக்கணக்கான ஓடைகளைக் குழாயிலும் கான்கிரீட்டிலும் அடைத்து மேலே சாலை போட்டிருக்கிறார்கள். நடு ஊரையும் தெற்கையும் இணைக்கும் மே 23 சாலைக்கு அடியில் இத்தொரோரோ ஓடை போகிறது. ஜூலை 9 சாலைக்கு அடியில் சரக்கூரா. இரண்டும் அன்யங்கபாவில் போய்ச் சேர்கின்றன, அதுவும் மண்ணுக்குள்தான். டிசம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். வீடு பார்க்கும்போது தெருவின் இரண்டு முனையும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் நீங்கள் நிற்பது ஓடை மேல். தரைத்தளக் கடைகளின் வாசலில் தண்ணீர் தடுக்க இரும்புப் பலகை செருகும் காடி இருக்கிறதா என்றும் பாருங்கள். தரகர் சொல்லாததை அந்தக் காடி சொல்லிவிடும்.

இதைப் படித்துப் பின்யேரோஸை மொத்தமாக ஒதுக்கிவிட வேண்டாம். சரிவின் மேற்பகுதியில் வீடு கிடைத்தால் அருமையான இடம். மஞ்சள் தடம் என்கிற நாலாவது மெட்ரோ பாதை அந்தப் பகுதி வழியாக நடு ஊருக்கு நேராகப் போகிறது. பின்யேரோஸ் நிலையத்தில் இறங்கி ஆற்றோர ரயிலுக்கு மாறினால் நாலாவது நிலையம் பெரீனி. உருளைக்கிழங்குத் திடல் என்றே பெயர் கொண்ட ஒரு சதுக்கம் அங்கே உண்டு. ஜப்பானிய விவசாயிகள் தங்கள் விளைச்சலைக் கொண்டுவந்து விற்ற இடம். ஃபாரியா லீமா மெட்ரோ நிலையம் அந்தத் திடலில்தான் இருக்கிறது. பெயரைப் பார்த்துவிட்டு, அந்தச் சாலையின் வங்கிக் கோபுரங்கள் எல்லாம் நிலையத்து வாசலில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இத்தாயிம் பக்கத்துக் கோபுரங்களுக்கு இன்னும் இரண்டு மூன்று கிலோமீட்டர் போக வேண்டும். பின்யேரோஸின் ஒரே குறை, வாடகை அதிகம் என்பதுதான்.

இரண்டாவது வழி பழைய நடு ஊர். என் இரண்டாவது வீடு ரெப்பூப்ளிக்கா சதுக்கத்துக்குப் பக்கத்தில், கொப்பான் கட்டடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. கட்டடக் கலைஞர் ஆஸ்கார் நிமேயர் வரைந்த கொப்பான் ஓர் அலை புரண்டு நிற்பதுபோல் வளைந்த கட்டடம். 1,160 வீடுகள். ஒற்றை அறையும் உண்டு, பெரிய குடும்பத்துக்கான வீடும் உண்டு. கீழ்த்தளத்தில் காப்பிக்கடை, முடிதிருத்தகம், புத்தகக்கடை எல்லாம் இருக்கும். நடந்துபோகிற தூரத்தில் 1911இல் கட்டிய நகர நாடக அரங்கு, பங்குச் சந்தை, நகராட்சி அலுவலகம். சரிவில் இறங்கினால் மார்ச் 25 தெரு. தமந்துவதெயீ ஆறு முன்பு ஓடிய கரையில், சிரியாவிலிருந்தும் லெபனானிலிருந்தும் வந்தவர்கள் வளர்த்த மொத்த வியாபாரக் கடைத்தெரு. துணி, பாத்திரம், பொம்மை, பண்டிகைச் சாமான் எதுவானாலும் அங்கேதான்.

அதே வாடகைக்கு மற்ற இடங்களில் கிடைப்பதைவிடப் பெரிய வீடு இங்கே கிடைக்கும். கூரை உயரம், ஜன்னல் பெரிசு, தரையில் பழைய மரப்பலகை. மெட்ரோவைப் பொறுத்தவரை இதற்கு மிஞ்சிய இடம் ஊரிலேயே இல்லை. பெரீனிக்கு ஒரே ஒரு இடத்தில் மாறினால் போதும்.

இவ்வளவு இருந்தும் ஏன் மலிவு? பணம் கிளம்பிப் போன இடம் என்பதால். வங்கிகளும் பெரிய கம்பெனிகளும் மேட்டுக்கு ஏறியபோது கட்டடங்கள் மாடி மாடியாகக் காலியாகின. 1971இல் ஜன்னல்களை உரசுகிற மாதிரி ஒரு மேம்பாலச் சாலையைக் கட்டினார்கள். மக்கள் அதைப் பெரிய மண்புழு என்று அழைக்கிறார்கள். இரவிலும் வாரக்கடைசியிலும் கார்களை நிறுத்திவிட்டு அதில் ஜனங்கள் நடக்கவும் சைக்கிள் விடவும் விடுகிறார்கள். அந்த நேரத்தில் அழகாகத்தான் இருக்கும். வாரநாளில் அதை ஒட்டிய இரண்டாம் மாடியில் குடியிருப்பது பெரும் பாடு. காலிக் கட்டடங்களில் வீடற்ற குடும்பங்கள் குடியேறி வாழ்கிறார்கள். 2018 மே 1 அன்று அப்படி ஒரு 24 மாடிக் கட்டடம் தீப்பிடித்து இடிந்து விழுந்தது. வீடு தேவைப்படுகிறவர்களும் காலி வீடுகளும் ஒரே தெருவில் இருந்தும் சேர முடியாமல் கிடப்பது, அந்த ஊரில் என்னை அதிகம் வருத்திய காட்சி.

நடு ஊரின் லூஸ் ரயில் நிலையத்துப் பக்கம் போதைக்கு அடிமையானவர்கள் கூடும் தெருக்கள் பல வருடமாக இருந்தன. அந்தக் கூட்டம் ஒரு தெருவில் விரட்டினால் அடுத்த தெருவுக்கு நகரும். இருட்டிய பிறகு போனை வெளியே எடுக்க முடியாது. சைக்கிளில் வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இது பாவ்லிஸ்தாவிலும் நடக்கும்தான், இங்கே கொஞ்சம் அதிகம். நானும் மனைவியும் இரண்டு பேராக இருந்தவரை நடு ஊரில் இருந்த ஒன்றரை வருடம் எங்களுக்குப் பொன்னான காலம். நாலு வயதுக் குழந்தையோடு போகிறவனுக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை.

கிழக்குப் பக்கத்தை வெளிநாட்டவர்கள் எட்டிப் பார்ப்பதே இல்லை. அது தவறு. மொஓக்கா இத்தாலியத் தொழிலாளர் பகுதி. 1917இல் அங்கிருந்த கிரெஸ்பி பருத்தி ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஊர் முழுவதையும் நிறுத்தியது. கார்த் தொழிற்சாலைகள் தெற்கே சாந்தோஸ் போகிற நெடுஞ்சாலை ஓரத்து நகராட்சிகளில் எழுந்தன; பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின; இப்போது ஆலை மனைகளில் அடுக்குமாடி வீடுகள். பக்கத்தில் தாத்துவாப்பே, நல்ல வசதியான நடுத்தர வர்க்கப் பகுதி. பூங்கா, கடைகள், பள்ளிகள் எல்லாம் இருக்கின்றன, குவாருல்யோஸ் விமான நிலையமும் பக்கம். இத்தாயிமில் இரண்டு அறைக்குக் கொடுக்கிற பணத்துக்கு இங்கே மூன்று அறையும் பால்கனியும் கேட்கலாம்.

ஆனால் சிவப்புத் தடத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த மூன்றாவது மெட்ரோ கிழக்குக் கோடியில் இத்தகேராவிலிருந்து கிளம்புகிறது. காலை ஏழு மணிக்குத் தாத்துவாப்பே வரும்போது பெட்டிகள் பிதுங்கி வழியும். மூன்று ரயிலை விட்டு நாலாவதில், அதுவும் பின்னால் நிற்பவர்கள் தள்ளியதால், நான் ஏறியிருக்கிறேன். குடியிருப்பு கிழக்கே, வேலை தென்மேற்கே. 1867இல் ரயில் ஒரு பக்கமும் பணம் இன்னொரு பக்கமும் போனதற்கான விலையைக் கிழக்கு மக்கள் இன்றைக்கும் தினமும் இப்படி நின்றுகொண்டே கொடுக்கிறார்கள். பெரீனிக்கு மூன்று ரயில், ஒரு மணி நேரத்துக்கு மேல். அவன் ஆபீஸ் நடு ஊரில் இருந்திருந்தால் தாத்துவாப்பேயைத் தாராளமாகச் சொல்லியிருப்பேன்.

கார் வாங்கிக்கொண்டால் ஆயிற்று என்று நினைக்க வேண்டாம். 1997 முதல் ஒரு விதி: நம்பர் பிளேட்டின் கடைசி இலக்கத்தைப் பொறுத்து, திங்கள் முதல் வெள்ளி வரையிலான ஐந்து நாளில் ஒரு நாள், காலை 7 முதல் 10, மாலை 5 முதல் 8 மணி வரை, நகரின் நடுவட்டத்துக்குள் கார் எடுக்கக் கூடாது. மற்ற நாலு நாளும் எடுக்கலாம். எடுத்தால் சாலையில் நிற்கலாம்.

கடைசியாக, மேடு. பாவ்லிஸ்தா சாலை 2.8 கிலோமீட்டர். மாளிகைகள் போய் வங்கிகள் வந்தன, வங்கிகளில் பாதி போய் ஆஸ்பத்திரிகளும் கலாச்சார மையங்களும் வந்தன. கட்டடக் கலைஞர் லீனா போ பார்தி வடித்த கலை அருங்காட்சியகம் சிவப்புத் தூண்களில் தொங்குகிறது. அடியில் 70 மீட்டருக்கு மேல் ஒரு தூண்கூட இல்லாத வெற்றிடம். ஞாயிறு அன்று கார்களை நிறுத்திவிடுவார்கள், சாலை முழுக்கக் குழந்தைகள். சாலையின் மேலேயே குடியிருக்கத் தேவையில்லை. முதுகு போகிற போக்கிலேயே தென்கிழக்கே போனால் பரயீசோ, அப்புறம் வில்லா மரியானா, சாந்தா குரூஸ். என் மூன்றாவது வீடு வில்லா மரியானாவில்.

அங்கே இன்னும் ஓட்டு வீடுகள் மிச்சம் இருக்கின்றன. பழைய கசாப்புக்கூடத்தைத் திரைப்படக் காப்பகமாக மாற்றி வைத்திருக்கிறார்கள். மருத்துவப் பல்கலைக்கழகமும் பள்ளிகளும் இருப்பதால் தெருவில் எப்போதும் ஆள் நடமாட்டம். 1954இல் நகரத்தின் நானூறாவது ஆண்டுக்குத் திறந்த இபிராபுவேரா பூங்கா பக்கத்திலேயே. வாரம் ஒரு நாள் தெருவை அடைத்துச் சந்தை போடுவார்கள். காய்கறி வாங்கி முடித்ததும் கடைக்கோடி வண்டியில் சூடாகப் பஸ்தேல் பொரித்துக் கொடுப்பார்கள். நம் சமோசா மாவை மெல்லியதாகத் தேய்த்து, உள்ளங்கை அளவுக்கு மடித்தது மாதிரி இருக்கும். கூடவே, இயந்திரத்தில் பிழிந்த கரும்புச்சாறு. சீஸ் பஸ்தேல் சைவம்தான். குழந்தைக்கு அதுவே காலைச் சாப்பாடாகிவிடும்.

போக்குவரத்தில் இந்தப் பகுதி பெரீனியை விடவும் எனக்குப் பிடிக்கக் காரணம் உண்டு. வடக்கு தெற்காக ஓடும் நீலத் தடம், முதுகின் மேலே ஓடும் பச்சைத் தடம், தென்மேற்கே இறங்கும் ஊதாத் தடம், மூன்றும் இங்கே ஒன்றையொன்று தொடுகின்றன. சாந்தா குரூஸில் ஊதாத் தடத்தில் ஏறி புரூக்லினில் இறங்கினால் பெரீனிக்குப் பஸ்ஸில் கொஞ்ச தூரம். மனைவிக்குப் பாவ்லிஸ்தாவில் வேலை கிடைத்தால் பத்து நிமிடம், நடு ஊரில் கிடைத்தால் நேர் ரயில். மூன்று வருடத்தில் யாருடைய ஆபீஸ் மாறினாலும் வீடு மாற வேண்டியதில்லை. வாடகை கிழக்கை விட அதிகம், இத்தாயிமை விடக் குறைவு. மோருஉம்பி, ஆல்ஃபாவில் போன்ற மதிலுக்குள் வாழும் பேட்டைகளைப் பற்றிக் கேட்டான். கார் இல்லாமல் அங்கே ஒரு பால் பாக்கெட் வாங்க முடியாது. வேண்டாம்.

ஒப்பந்தத்துக்கு வருவோம். விளம்பரத்தில் போடுகிற வாடகை முழு வாடகை அல்ல. கட்டடப் பராமரிப்புக் கட்டணம், நகராட்சி வீட்டுவரி இரண்டையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். நடு ஊரின் மலிவு வீடுகள் சிலவற்றில் பழைய லிப்ட்டும் நாலைந்து காவலர்களும் இருப்பதால் பராமரிப்புக் கட்டணமே மலைக்கவைக்கும். 1991 வாடகைச் சட்டப்படி உரிமையாளர் ஒரே ஒரு வகை உத்தரவாதம்தான் கேட்கலாம். ஜாமீன்தாரர், அல்லது காப்பீடு, அல்லது அதிகபட்சம் மூன்று மாத முன்பணம். இரண்டை ஒன்றாகக் கேட்டால் மறுத்துவிடலாம். ஒப்பந்தம் வழக்கமாக 30 மாதம். நடுவில் விட்டால் அபராதம் உண்டு. ஆனால் கம்பெனியே வேறு ஊருக்கு மாற்றினால், 30 நாள் முன்கூட்டி எழுத்தில் தெரிவித்து அபராதமின்றிக் கிளம்பலாம். மாற்றல் வேலையில் இருக்கிறவனுக்கு இது ரொம்ப முக்கியம்.

அப்புறம் வெயில். மகர ரேகை நகரத்தின் வடக்குப் பகுதி வழியாகப் போகிறது. வருடம் முழுக்க, முக்கியமாகக் குளிர்காலத்தில், சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். வடக்குப் பார்த்த வீட்டை நம் ஊரில் வாஸ்துவுக்காகத் தேடுகிறோம். அங்கே வெயிலுக்காகத் தேடுகிறார்கள், விளம்பரத்திலேயே கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். ஜூன், ஜூலையில் இரவு நன்றாகக் குளிரும்; வீடுகளில் சூடேற்றும் வசதி கிடையாது. தெற்குப் பார்த்த அறையில் அலமாரிக்குள் மாட்டிய சட்டைகளில் பச்சையாகப் பூஞ்சை பிடிக்கும். குழந்தைக்குச் சளி விடவே விடாது.

நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் மூன்று வீட்டுப் படம் அனுப்பியிருக்கிறான். இரண்டு பெரீனியில், ஒன்று சாந்தா குரூஸ் நிலையத்திலிருந்து ஆறு நிமிட நடையில், ஒன்பதாவது மாடி. அதில் குழந்தையின் அறைக்கு ஒரு நல்ல பெரிய ஜன்னல் இருக்கிறது. அது எந்தத் திசை பார்த்தது என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.